தேயும் நகர் சிவித்தா

இத்தாலி என்ற பெயரைச் செவியுற்றதும் நம் உள்ளத்தில் எழுவன உரோமாபுரியின் பாழ்மண்டபங்களும், வெனிஸ் நகரின் நீர்வீதிகளும், புளோரன்ஸ் நகரின் ஓவியக்கூடங்களுமே. கலையும் வரலாறும் விரும்பும் யாத்திரிகர் பெரும்பாலும் இம்மூன்றையும் கண்டு மீள்வதோடு நிறைவெய்துவர். ஆயின், அந்நாட்டின் உயிர்ப்பு பெருநகரங்களில் மட்டும் அமைந்ததன்று. குன்றின் முடிதோறும் ஒரு சிற்றூர். சிற்றூர்தோறும் ஒரு மதில், ஒரு வாயில், ஒரு முற்றம், ஒரு தேவாலயம் என அமைந்த எண்ணிறந்த மலைநகர்கள் ஆங்குள. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம்.

அதன் பெயர் சிவித்தா. அயலிலுள்ள பாஞ்ஞோரேஜோ என்னும் ஊரின் பெயரையுஞ் சேர்த்துச் 'சிவித்தா தி பாஞ்ஞோரேஜோ' என அதனை வழங்குவர். அதற்கு மற்றொரு பெயரும் உண்டு. 'சாகும் நகரம்' என்பதே அது. இப்பெயர் பகைவர் சூட்டியதன்று. பாஞ்ஞோரேஜோவிற் பிறந்து 1968 இல் மறைந்த பொனவெந்தூரா தெக்கி என்னும் எழுத்தாளர், அதன் நிலைகண்டு வருந்தி இட்ட பெயர் என்பர்.

ஓர் ஊர் சாவதென்றால் யாது? அதன் கல்லும் மண்ணும் சரிந்து வீழ்வதா? அன்றி, அங்கு வாழ்ந்தோர் அதனைவிட்டு நீங்குவதா? சிவித்தாவில் இவ்விரண்டும் நிகழ்ந்துள்ளன. முன்னதைத் தடுக்கும் வழியைப் பொறியியலாளர் ஓரளவு கண்டுள்ளனர். பின்னதைத் தடுக்கும் வழி யாது என்பதே இன்னும் விடைகாணாத வினாவாக உள்ளது. இவ்வினாவை மனத்திற் கொண்டே இச்சிறு நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் நோக்குவோம்.

பாலமும் வாயிலும்

உரோமாபுரிக்கு வடக்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தொலைவில், தைபர் ஆற்றின் பள்ளத்தாக்குக்கும் பொல்சேனா ஏரிக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் இவ்வூர் உள்ளது. உரோமாபுரியிலிருந்து புகைவண்டியில் ஒர்வியேத்தோ என்னும் நகரை அடைந்து, அங்கிருந்து பஸ்வண்டியில் பாஞ்ஞோரேஜோவுக்குச் செல்லலாம். அவ்வூரின் நீண்ட வீதி ஓரிடத்தில் திடீரென முடிகின்றது. அதற்கப்பால் நிலமில்லை, பெரும் பள்ளமே உண்டு. அப்பள்ளத்தின் நடுவே, நாற்புறமும் செங்குத்தாக வெட்டி நிறுத்தியது போன்ற ஒரு பாறைக்குன்று. அதன் உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டிய பொன்னிற வீடுகளும், அவற்றின் மேலே ஒரு மணிக்கூண்டும். நாம் அவ்விளிம்பில் நின்று நோக்கிய காலைப்பொழுதிற் பள்ளம் முழுவதும் மூடுபனி நிறைந்திருந்தது. ஊரைத் தாங்கும் குன்று கண்ணுக்குப் புலனாகவில்லை. ஊர் மட்டும் வெண்கடலில் மிதக்கும் தோணி போற் காட்சியளித்தது.

இன்று இவ்வூருக்குள் நுழைய ஒரு வழியே உண்டு. சுமார் 300 மீற்றர் நீளமான ஒடுங்கிய கொங்கிறீற்றுப் பாலமே அது. முன்னிருந்த பாலத்தை இரண்டாம் உலகப்போரின்போது, 1944 இற் பின்வாங்கிச் சென்ற ஜேர்மானியப் படையினர் தகர்த்தனர். இப்போதுள்ள பாலம் 1965 இற் கட்டப்பட்டது. மோட்டார் வாகனத்தில் வருவோர் பாலத்தின் இப்பாலேயே இறங்கிவிடல் வேண்டும். பாலத்தின் இறுதிப்பகுதி செங்குத்தாக ஏறுகின்றமையால் முதியோர் இடையிடையே நின்று மூச்சுவாங்கியே செல்வர்.

பாலத்தின் முடிவில் அன்னை மரியாளின் பெயர்கொண்ட வாயில் நம்மை எதிர்கொள்கின்றது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் இவ்வூரை நிறுவிய எற்றுரஸ்கர் என்னும் பண்டை இனத்தார் பாறையைக் குடைந்து அமைத்த வழி இதுவென்பர். உரோமப் பேரரசு தலையெடுப்பதற்கு முன்னரே நகர் அமைப்பிலும் கல் வேலையிலுஞ் சிறந்து விளங்கியவர் இவர். வாயிலின் மேலே மனிதத் தலைகளைத் தம் பாதங்களிற் பற்றியிருக்கும் சிங்கங்களைக் காணலாம். ஒர்வியேத்தோவின் பிரபுக்குடும்பம் ஒன்றின் கொடுங்கோன்மையை இவ்வூரார் வென்றதன் நினைவாக அவை செதுக்கப்பட்டன என்று கூறுவர்.

வாயிலைக் கடந்து சில அடிகள் சென்றதும் ஒரு மாளிகையின் முகப்பு கண்ணிற் படுகின்றது. அழகிய சாளரங்கள் அமைந்த முகப்புத்தான். ஆயின், அச்சாளரங்களினூடே நோக்கின் உள்ளே அறைகளைக் காணோம், வானத்தையே காண்கின்றோம். முகப்பு நிற்க, மாளிகையின் பெரும்பகுதி பள்ளத்தில் வீழ்ந்துவிட்டது. சிவித்தாவின் வரலாறு முழுவதையும் இவ்வொரு காட்சியே உணர்த்திவிடுகின்றது.

கல் தேய்ந்ததன்று, அடி கரைந்தது

எறும்பூரக் கல்லுந் தேயும் என்பது பழமொழி. சிவித்தாவில் நிகழ்வது இதனின் வேறானது. இங்கே கல் வலியது. அதனைத் தாங்கும் மண்ணே மெலியது.

மிகப் பழைய காலத்தில் இப்பிரதேசம் கடலடியிற் கிடந்தது. அக்கடலிற் படிந்த சேறே இன்று குன்றின் அடிப்பாகமாயுள்ள களிமண். பின்னர் நிலம் உயர்ந்தது. அயலிலிருந்த எரிமலைகள் சாம்பலையும் தீக்குழம்பையும் கக்கின. களிமண்ணின்மேற் படிந்த அச்சாம்பல் காலப்போக்கில் இறுகிக் கல்லாயிற்று. இத்தாலியர் இதனைத் 'தூபோ' என்பர். வெட்டுவதற்கு எளிதாயும், கட்டடத்துக்கு ஏற்றதாயும் உள்ள கல் இது. மேலே கல், கீழே களி என்பதே சிவித்தாக் குன்றின் அமைப்பாகும்.

குன்றின் இருமருங்கிலும் இரு சிற்றோடைகள் பாய்கின்றன. ஒன்றின் பெயர் 'தெளிந்தது' எனவும், மற்றையதன் பெயர் 'கலங்கியது' எனவும் பொருள்படும். இவ்வோடைகளும் மழைநீரும் அடியிலுள்ள களிமண்ணைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்கின்றன. அடி குறையவே, மேலுள்ள பாறையின் ஓரம் பற்றுக்கோடின்றி நிற்கின்றது. அதில் மேலிருந்து கீழாக வெடிப்புகள் தோன்றுகின்றன. வெடிப்பில் நீர் புகுந்து அதனை அகலச்செய்கின்றது. ஈற்றில் ஒரு நாள், பாறையின் ஒரு கூறு தன்மேலிருந்த வீடு, தோட்டம் யாவற்றோடும் பெயர்ந்து வீழ்கின்றது. நிலநடுக்கம் வந்துவிடின் இந்நிகழ்ச்சி இன்னும் விரைவுறும்.

முற்காலத்திற் சிவித்தாவும் பாஞ்ஞோரேஜோவும் ஒரே மலைமுதுகின்மேல் அமைந்து, நிலவழியால் இணைந்திருந்தன. சிவித்தாவே தலைமையிடம், மற்றையது அதன் புறநகர். 1695 இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் இந்நிலையைத் தலைகீழாக்கிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் நகராட்சியும் மேற்றிராணியாரின் ஆசனமும் பாஞ்ஞோரேஜோவுக்கு மாற்றப்பட்டன. ஆட்சி போன வழியே வணிகரும், வணிகர் போன வழியே ஏனையோரும் சென்றனர். இரு ஊர்களையும் இணைத்த மலைமுதுகும் நாளடைவிற் கரைந்தொழிந்தது. இன்று பாலம் தொங்கும் வெற்றிடமே அன்று மக்கள் நடந்த வழியாகும்.

இவ்வூரிற் பிறந்தோருள் உலகறிந்தவர் பொனவெந்தூரா அடிகள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிறந்த இவர், அசிசி நகர்ப் பிரான்சிஸ் முனிவர் தோற்றுவித்த துறவிகள் சபைக்கு 1257 இல் தலைவரானார். முனிவரின் வரலாற்றையும் எழுதினார். 1273 இற் கருதினாலாக உயர்த்தப்பெற்று, அடுத்த ஆண்டிலே பிரான்சு தேசத்து லியோன் நகரிற் காலமானார். மகாகவி தாந்தே தம் பெருங்காப்பியத்தின் சுவர்க்க காண்டத்தில் இவரைப் பேசவைக்கும்போது, பாஞ்ஞோரேஜோ என ஊர்ப்பெயரையுஞ் சேர்த்தே கூறவைத்துள்ளார். இவ்வாறு காப்பியத்தில் ஊரின் பெயர் நிலைத்தது. அடிகள் பிறந்த வீடோ நிலைக்கவில்லை. அதன் பெரும்பகுதி குன்றின் ஓரத்தோடு சரிந்துவிட்டது.

முற்றமும் திருநாளும்

ஊரின் நடுவே பெரிய முற்றம் ஒன்றுளது. அதற்குக் கல் பாவவில்லை. சரளை மண்ணே பரந்து கிடக்கின்றது. ஒருபுறம் தொனாத்தோ அடிகளின் பெயர்கொண்ட தேவாலயம். மேற்றிராணியாரின் ஆசனம் முன்னர் இங்கேயே இருந்தது. ஆண்டில் இருமுறை, ஜூன் மாதத்திலும் செப்ரெம்பர் மாதத்திலும், இம்முற்றத்திற் கழுதைப் பந்தயம் நடைபெறும். பந்தயக் கழுதைகள் ஓடுவதைவிட நிற்பதிலேயே விருப்பமுடையன. அவற்றை உந்துவோரின் கூக்குரலும் காண்போரின் நகைப்பும் குன்றெங்கும் எதிரொலிக்கும்.

தேவாலயத்தினுள்ளே மரத்தினாற் செய்த பழமையான சிலுவைத் திருவுருவம் ஒன்று உளது. பெரிய வெள்ளிக்கிழமை இரவில் இத்திருவுருவத்தைத் தோளிற் சுமந்து, பாலத்தைக் கடந்து, பாஞ்ஞோரேஜோவுக்குப் பவனியாகக் கொண்டுசெல்வர். நள்ளிரவுக்கு முன் அது சிவித்தாவுக்கு மீளல் வேண்டும்; மீளாதாயின் பாஞ்ஞோரேஜோவிலேயே தங்கிவிடும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஆட்சியையும் ஆசனத்தையும் இழந்த ஊர் தன் திருவுருவத்தையேனும் இழத்தலாகாது என எண்ணுவதில் வியப்பென்ன? அதனைச் சுமப்போரின் நடையில் இறுதிவேளையில் ஒரு விரைவு தோன்றுவது இயல்பே.

சுற்றுப்புறக் காட்சிகள்

சிவித்தாவை மட்டுங் கண்டு திரும்புவோர் பாதியையே கண்டோராவர். அதன் பாறை எங்கிருந்து வந்தது, அதே பாறைமீதமைந்த பிற ஊர்கள் எந்நிலையின என்பவற்றை அயலிற் சென்றே அறியலாம்.

ஊரைச் சூழ்ந்துள்ள பள்ளத்தாக்கைக் 'கலாங்கி' என்பர். களிமண் மழையால் அரிப்புண்டு, கத்திமுனை போன்ற கூரிய வரம்புகளாய் நிற்கும் வெண்சாம்பல் நிற நிலம் இது. புல் முளைப்பதும் அரிது. மாலை வெயிலில் இதன் நிழல்கள் நீளும்போது வேற்றுலகக் காட்சிபோற் றோன்றும்.

மேற்கே சுமார் 15 கிலோமீற்றரில் பொல்சேனா ஏரி. எரிமலைப் பிரதேசத்தின் நிலம் உள்ளே அமிழ்ந்ததனால் உண்டான பள்ளத்தில் நீர் நிறைந்து தோன்றிய ஏரி இது. பரப்பு 110 சதுர கிலோமீற்றருக்கு மேல். ஆழம் ஏறக்குறைய 150 மீற்றர். சிவித்தாவுக்குப் பாறையை அளித்த எரிமலைத் தொகுதியே இந்நீர்நிலைக்கும் இடமளித்தது. ஏரியின் நடுவே இரு சிறு தீவுகள் உள. அவற்றுள் மர்த்தானா என்னுந் தீவிற் சிறைவைக்கப்பெற்ற கோத்தர் குல அரசி அமலசுந்தா 535 இல் அங்கே கொல்லப்பட்டாள். இன்று அமைதியே உருவாய் விளங்கும் இந்நீர்ப்பரப்பைக் காண்போர் அக்கொடுமையை நினைப்பது அரிது.

வடக்கே ஒர்வியேத்தோ. சிவித்தாவைப் போன்றே இதுவும் களிமண்மேற் கிடக்கும் தூபோப் பாறையின் மீதமைந்த நகர். ஆயின் பன்மடங்கு பெரிது. 1290 இற் பணி தொடங்கிய இதன் பேராலயத்தின் முகப்பு பொன்னும் பன்னிறமும் விரவிய சிறுகற் பதிப்போவியங்களாற் பொலிகின்றது. கிடையாக மாறிமாறி வரும் கருங்கோடும் வெண்கோடும் அதன் பக்கச்சுவர்களுக்கு அணி செய்கின்றன. உள்ளே லூக்கா சிஞ்ஞொரெல்லி என்னும் ஓவியர் 1499 முதல் தீட்டிய உலகமுடிவுக் காட்சிகள் உள. இறந்தோர் மண்ணைப் பிளந்து எழும் அக்காட்சியில் மனித உடலின் ஒவ்வொரு தசையும் திரட்சியோடு புலப்படுகின்றது.

இந்நகரின் மற்றோர் அதிசயம் ஒரு கிணறு. 1527 இல் உரோமாபுரி பகைப்படைகளாற் சூறையாடப்பட்டபோது, பாப்பரசர் ஏழாம் கிளெமெந்து தப்பியோடி ஒர்வியேத்தோவிற் றஞ்சம் புகுந்தார். பகைவர் முற்றுகையிடின் குன்றின்மேல் நீருக்கு என் செய்வது என்ற அச்சம் அவருக்கு உண்டாயிற்று. அந்தோனியோ த சங்கால்லோ என்னும் சிற்பாசாரியார் அதற்கு வழிகண்டார். பாறையைத் துளைத்துச் சுமார் 53 மீற்றர் ஆழத்துக்குச் செல்லும் கிணற்றைச் சூழ, ஒன்றையொன்று தொடாது சுற்றிச்செல்லும் இரு படிவழிகளை அவர் அமைத்தார். ஒவ்வொன்றிலும் 248 படிகள். நீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒரு வழியால் இறங்கி, அடியிலுள்ள சிறு பாலத்தைக் கடந்து, மறுவழியால் ஏறிவிடும். இறங்குவன ஏறுவனவற்றை எதிர்ப்படுவதேயில்லை. எழுபது சாளரங்கள் கிணற்றின் வாயிலிருந்து வரும் ஒளியை உள்ளே பரப்புகின்றன. பணி 1537 இல் நிறைவுற்றபோது அப்பாப்பரசர் உயிருடன் இல்லை. பத்திரிக்கு முனிவரின் பெயரால் வழங்கும் இக்கிணறு, எவ்வளவு பொருள் இட்டாலும் நிறையாத ஒன்றைக் குறிக்கும் பழமொழியாக இத்தாலிய மொழியில் இன்றும் நிலவுகின்றது.

ஒர்வியேத்தோவின் பாறையும் சரியத் தொடங்கியதுண்டு. அந்நகரின் அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகளை மக்கள் காலந்தோறுங் குடைந்து வைத்துள்ளமை அதற்கு ஒரு காரணம். 1978 இல் இத்தாலிய அரசு தனிச்சட்டம் இயற்றிப் பெரும்பொருள் ஒதுக்கி, பாறையை உருக்குத் தண்டுகளாற் பிணித்தும், கழிவுநீர் செல்லும் வழிகளைச் செப்பனிட்டும் அதனை உறுதிப்படுத்திற்று. சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதல் வேண்டும்! இதனால் ஒன்று விளங்கும்: களிமண்மேல் அமைந்த பாறைநகர் வீழ்ந்தே தீரவேண்டும் என்பதில்லை. பொருளும் அறிவும் முயற்சியும் ஒருங்கு சேரின் அதனை நிறுத்தலாம்.

தெற்கே பொமார்சோ என்னும் ஊரில், பதினாறாம் நூற்றாண்டில் விச்சினோ ஓர்சினி என்னும் பிரபு அமைத்த விந்தையான சோலை ஒன்றுளது. அங்கும் எரிமலை தந்த கல்லே கருவியாயிற்று. காட்டில் ஆங்காங்கே கிடந்த பெரும் பாறைகளை அவ்வவ்விடத்திலேயே செதுக்கி யானை, ஆமை, பறவைநாகம், அரக்கன் முதலிய உருவங்களாக்கினர். அரக்கனின் திறந்த வாய்க்குள் நுழைந்தால் மேசையும் இருக்கையும் கொண்ட ஒரு சிற்றறை. வேண்டுமென்றே சாய்த்துக் கட்டிய ஒரு வீடும் உண்டு. அதனுட் செல்வோருக்குத் தலைசுற்றும். சிவித்தாவில் இயற்கை வீடுகளைச் சாய்க்கின்றது. இங்கோ மனிதர் விளையாட்டாகச் சாய்த்துக் கட்டினர்.

நுழைவுச் சீட்டும் நிலைகுடியும்

மீண்டுஞ் சிவித்தாவுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் கதை முடிந்ததென்றே பலர் கருதினர். இளைஞர் தொழில் தேடி நகரங்களுக்குச் சென்றனர். பூட்டிய வீடுகளின் கூரைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. அக்காலத்தில் அஸ்த்ரா சரீனா என்னும் கட்டடக்கலைப் பேராசிரியை இங்கு வந்தார். லாத்வியாவிற் பிறந்து அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்திற் கற்பித்த அவர், இடிந்த வீடுகளை வாங்கிப் பழைய முறை வழுவாது புதுப்பித்தார். 1970 களிலிருந்து தம் மாணவரை ஆண்டுதோறும் அழைத்துவந்து, இங்கேயே தங்கவைத்து, சுவரையும் படியையும் அளந்து வரையச் செய்தார். ஓர் ஊரை நேசிப்பதற்கு முதற்படி அதனை அளந்தறிவதே என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். அவர் 2008 இற் காலமானார்.

அதன்பின் ஊரின் புகழ் எங்கும் பரவிற்று. 2013 இற் பாஞ்ஞோரேஜோ நகராட்சி, பாலத்தைக் கடப்போரிடம் ஒன்றரை யூரோ நுழைவுக்கட்டணம் பெறத் தொடங்கிற்று. பின்னர் அது ஐந்து யூரோவாக உயர்ந்தது. வெனிஸ் மாநகரே இத்தகைய கட்டணத்தை 2024 இலேதான் விதித்தது என்பதை நோக்கின், இச்சிற்றூர் எத்துணை முந்திற்று என்பது விளங்கும். கட்டணம் கண்டு மக்கள் வருவது குறையும் எனச் சிலர் அஞ்சினர். நிகழ்ந்ததோ மறுதலை. 'சாகும் நகரம்' எனும் பெயரே அழைப்பிதழாயிற்று; ஆண்டொன்றுக்குப் பல இலட்சம் பேர் வந்தனர். அப்பணத்தால் நகராட்சிக்கு வருவாய் பெருகிற்று. அயலூர் இளைஞருக்கு உணவுச்சாலைகளிலும் விடுதிகளிலும் தொழில் கிடைத்தது. பாறையைப் பிணிக்கும் வேலைகள் நடைபெற்றன. ஊரின் சரிவுகளையே பொருளாகக் கொண்ட ஒரு காட்சிச்சாலையும் ஊருக்குள்ளேயே உண்டு.

ஆயினும், ஆண்டு முழுவதும் அங்கு நிலைகுடியாய் வாழ்வோர் பன்னிருவர் அளவினரே. பல வீடுகள் வெளியூரார் விடுமுறைக்கு வந்து தங்கும் வீடுகளாயின. பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் விளையாடும் ஓசை இல்லை. பகலில் ஆயிரவர் திரியும் வீதியில் இரவில் ஒரு விளக்கும் சில பூனைகளுமே காவல். கல் வீழாது நிறுத்தக் காசு உதவுகின்றது. ஆயின், மாலையில் ஒரு வீட்டின் அடுப்பிற் றீ மூட்டுவதற்குக் காசு மட்டும் போதாது. அங்கே பிறந்து, அங்கே வாழ எண்ணும் ஒருவர் வேண்டும்.

இங்ஙனங் கூறுவதால் வருவோரை நாம் பழிப்பதாகக் கொள்ளலாகாது. அவர் வாராதிருப்பின் பாலமும் பழுதுற்றிருக்கும். எஞ்சிய சிலரும் வாழ வழியின்றி அகன்றிருப்பர். நாமும் அவ்வாறு சீட்டு வாங்கிச் சென்றவரே. நோய்க்கு மருந்தாய் வந்ததே வேறொரு நோயாகாமற் காப்பது எங்ஙனம் என்பதே அவ்வூரார் முன்னுள்ள சிக்கல். உலகில் அழகினாலும் பழமையினாலும் புகழ்பெற்ற ஊர்கள் பலவற்றுக்கும் இச்சிக்கல் உண்டு. சிவித்தா மிகச் சிறியதாகையால் அது தெளிவாகக் கண்ணிற் படுகின்றது.

சிவித்தாவைக் காணச் செல்லும் நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். நண்பகலிற் சென்று புகைப்படம் பிடித்துத் திரும்பிவிடாதீர்கள். இயலுமாயின் ஓரிரவு அங்குத் தங்குங்கள். இறுதி யாத்திரிகர் பாலத்தைக் கடந்த பின்னர், முற்றத்துக் கற்படியில் அமர்ந்திருங்கள். நாம் அமர்ந்திருந்தபோது முதியவள் ஒருத்தி சாளரத்தைத் திறந்து, தொட்டிச்செடிக்கு நீர் வார்த்தாள். எதிர்வீட்டாரோடு இரண்டொரு வார்த்தை பேசினாள். பின்னர் சாளரம் மூடப்பட்டது. அவ்வளவே நிகழ்ந்தது. ஆயினும், அவ்வூர் இன்னும் இறக்கவில்லை என்பதை நாம் உணர்ந்தது அப்போதுதான்.

பழைய மாணவர்க்குரிய இவ்விதழில் இவ்வூரைப் பற்றி எழுதியதற்கு ஒரு காரணமும் உண்டு. சிவித்தாவை விட்டு நீங்கிய குடும்பத்தார், கழுதைப் பந்தயத்துக்கும் பெரிய வெள்ளிப் பவனிக்கும் இன்றும் திரும்பி வருகின்றனர். அவருள் அங்கே பிறவாத பேரப்பிள்ளைகளும் உளர். தம் பாட்டனார் நடந்த முற்றத்தில் ஒரு நாளேனும் நின்று செல்வதற்காகவே அவர்கள் வருகின்றனர். திருவுருவம் நள்ளிரவுக்கு முன் மீண்டு வருவது அவர் தோள்களின் மீதே.